கணையப் புற்றுநோயும் நோய் எதிர்ப்பு மண்டலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசுப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிவதால், பயாப்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் குடும்பத்தினரை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் கேட்பவற்றில் பெரும்பாலானவை, "உடம்பே இதை ஏன் எதிர்த்துப் போராடவில்லை?" என்ற ஒரே சந்தேகத்தின் வெவ்வேறு வடிவங்கள். சிகிச்சை முடிவுகளை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவர் சொல்வது புரிய வேண்டுமானால் இந்தச் சந்தேகம் முதலில் தெளிய வேண்டும். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

கணையப் புற்றுநோய் என்றால் எல்லாம் ஒரே நோய்தானா?

இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு வருவது, கணைய நாளங்களின் உட்சுவர் செல்களை ஒத்த தோற்றத்துடன் வளரும் அடினோகார்சினோமா. இன்சுலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களிலிருந்து தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி வேறு நோய். அதன் வேகமும் வேறு, சிகிச்சையும் வேறு. கீழே உள்ளவை அனைத்தும் முதல் வகையைப் பற்றியவை என்பதால், அறிக்கையில் எந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

அப்பாவுக்குச் சளி, காய்ச்சல்கூட அதிகம் வந்ததில்லை. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தவருக்கு இது எப்படி வந்தது?

கிருமியை அழிப்பதும் புற்றுநோய் செல்லை அழிப்பதும் ஒரே மண்டலத்தின் பொறுப்பில் இருந்தாலும், இரண்டும் ஒரே மாதிரியான வேலை அல்ல. கிருமி வெளியிலிருந்து வருவது. அதன் புரதங்களில் பல நம் உடம்பில் எங்குமே இல்லாதவை. புற்றுநோய் செல்லோ நம் உடம்பிலேயே பிறந்தது. சில மரபணுக்களில் ஏற்பட்ட பிழைகளைத் தவிர மற்றெல்லாவற்றிலும் பக்கத்துச் செல்லைப் போலவே இருப்பது. ஆகவே உங்கள் தந்தைக்குச் சளி பிடிக்காமல் இருந்தது உண்மையாக இருக்கலாம். அது இந்த நோய்க்கு எதிரான உறுதிமொழி ஆகாது.

இன்னொன்றும் உண்டு. இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. நாளங்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றங்களாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே கட்டியாகிறது. அந்த முதற்கட்டத்திலேயே, எதிர்ப்பை அடக்கும் செல்கள் அங்கே வந்து சேர்ந்துவிடுவதை எலிகளில் செய்த ஆய்வொன்று 2007-ல் காட்டியது. தற்காப்பு தோற்ற பிறகு கட்டி வளர்ந்தது என்பதைவிட, கட்டி வளர வளரத் தற்காப்பையும் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டே வந்தது என்பதே சரி.

நம்முடைய செல்லேதான் என்றால், உடம்பு அதை எப்படித்தான் அடையாளம் காணும்?

ஏறத்தாழ எல்லாச் செல்களும் தமக்குள் உருவாகும் புரதங்களைத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் எம்எச்சி என்ற தாங்கியில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ரோந்து வரும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அதைத் தடவிப் பார்க்கின்றன. மரபணுப் பிழையால் உருமாறிய புரதத்தின் துண்டு தென்பட்டால், அதற்குப் பொருத்தமான ஏற்பி கொண்ட டி செல் விழித்துக்கொண்டு, பெருகி, அந்தச் செல்லைக் கொல்ல முடியும். இத்தகைய புதிய துண்டுகளை நியோஆன்டிஜென் என்கிறார்கள்.

கணையப் புற்றுநோயில் இவை குறைவு. 24 கட்டிகளின் மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு கட்டிக்குச் சராசரியாக 63 மாற்றங்களே இருந்தன. வெயிலின் தாக்கத்தால் வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் பிழைகள் நூற்றுக்கணக்கில் இருப்பது வழக்கம். 63 பிழைகள் இருந்தாலும் அவை அனைத்தும் மேற்பரப்பில் காட்டப்படுவதில்லை. காட்டப்படுபவற்றிலும் சிலவற்றையே டி செல் பொருட்படுத்துகிறது.

ரிப்போர்ட்டில் 'டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா' என்று எழுதியிருக்கிறது. அது இன்னொரு நோயா?

தனி நோய் அல்ல; கட்டியைச் சுற்றிலும் கட்டிக்குள்ளேயும் உருவாகும் நார்த்திசுவைக் குறிக்கும் சொல் அது. வழக்கமான சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால், பெரும் பரப்பு முழுவதும் அலையலையான இளஞ்சிவப்பு நார்கள்தான் தெரியும். அதற்கு நடுவே ஒழுங்கற்ற வளையங்களாகச் சில சுரப்பிகள், ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கிடக்கும். உண்மையான புற்றுநோய் செல்கள் அந்த வளையங்களில் இருப்பவை மட்டுமே. பல கட்டிகளில் மொத்தக் கன அளவின் பெரும்பகுதியை நார்த்திசுவே பிடித்துக்கொள்கிறது. 80 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்கள் "கட்டி எங்கே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

அதே தகட்டில் டி செல்கள் அடங்கிய லிம்ஃபோசைட் வகை வெள்ளை அணுக்களைத் தேடினால், அடர்நீலப் புள்ளிகளாக அவை கட்டியின் விளிம்பில் திரண்டு நிற்பதைப் பலமுறை பார்க்கலாம். சில நார்களுக்கிடையே சிக்கியிருக்கும். சுரப்பி வளையத்துக்குள் நுழைந்தவை மிகச் சில. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு படம் போட முடியுமென்றால் இதைத்தான் போடுவேன். ஏனென்றால் காவலர்கள் வரவில்லை என்ற எண்ணம் தவறு என்பதை இது உடனே காட்டிவிடும். வந்திருக்கிறார்கள், உள்ளே போக முடியவில்லை.

இந்த நார்த்திசுவை உருவாக்குபவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். கணையத்தில் இயல்பாக ஓய்ந்திருக்கும் ஸ்டெல்லேட் செல்கள், புற்றுநோய் செல்கள் அனுப்பும் சமிக்ஞைகளால் தூண்டப்பட்டு ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளாகி, கொலாஜனையும் ஹயலூரோனிக் அமிலத்தையும் சுரந்து தள்ளுகின்றன. விளைவாக உள்ளழுத்தம் ஏறி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. மருந்தும் பிராணவாயுவும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. இவற்றில் ஒரு வகை ஃபைப்ரோபிளாஸ்ட் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற வேதிப்பொருள் டி செல்களைப் புற்றுநோய் செல்களிடமிருந்து விலக்கி வைப்பதை, எலிகளில் நடந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஆக, இது தடுப்புச் சுவர் மட்டுமல்ல, விரட்டவும் செய்கிறது.

அப்படியானால் அந்த நாரைக் கரைத்துவிட்டால் போதுமே?

விஞ்ஞானிகளும் அப்படித்தான் நம்பினார்கள். ஹயலூரோனிக் அமிலத்தைக் கரைக்கும் நொதி ஒன்றைக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுத்தபோது ஆரம்பச் சோதனைகள் நம்பிக்கை அளித்தன. மூன்றாம் கட்டப் பெரிய சோதனையில் அது நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. 2014-ல் வெளிவந்த இரண்டு எலி ஆய்வுகள் இன்னும் பெரிய எச்சரிக்கையைத் தந்தன. ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைப் பெருமளவு அகற்றிய எலிகளில் கட்டி அடங்கவில்லை; மேலும் மூர்க்கமாகி, எலிகள் சீக்கிரமே இறந்தன.

காரணம், ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. கட்டிச் செல்லை ஒட்டி நின்று நார் நெய்பவை ஒரு வகை. சற்றுத் தள்ளி நின்று ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரப்பவை இன்னொரு வகை. எம்எச்சி தாங்கியை ஏந்தி டி செல்களைத் திசைதிருப்புபவை மூன்றாவது வகை. இவற்றில் சில கட்டிக்கு உதவினாலும், சில அதைப் பரவவிடாமல் அணைகட்டியும் வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருசேர அழிப்பது தவறு என்ற புரிதல் வந்த பிறகு, அவற்றின் குணத்தை மாற்றும் வழிகளை நோக்கி ஆய்வுகள் நகர்ந்திருக்கின்றன.

கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் நிறைய இருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். அது நல்ல அறிகுறிதானே?

எந்த வெள்ளை அணு என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டிகளில் மிகுதியாக இருப்பவை பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்களும், நியூட்ரோஃபில்களும், மைலாய்டு வகை அடக்கி செல்களும்தான். புண் ஆறும் இடத்தில் அழற்சியைத் தணித்துத் திசுவை வளர்ப்பது மேக்ரோஃபேஜின் இயல்பான கடமைகளில் ஒன்று. கட்டி அந்தக் கடமையைத் தனக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது: தன்னை ஆறாத புண் போலக் காட்டிக்கொள்கிறது. அடக்கி செல்களோ டி செல்லுக்குத் தேவையான ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து, அதைப் பட்டினி போடுகின்றன.

இவற்றை அங்கே வரவழைப்பது யார் என்பதுதான் முக்கியம். ஏறத்தாழ பத்தில் ஒன்பது கட்டிகளில் கே-ராஸ் என்ற மரபணு பழுதாகி, 'வளர்' என்ற கட்டளையை இடைவிடாமல் பிறப்பிக்கிறது. அதே பழுது, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற அழைப்புப் பொருளையும் சுரக்கச் செய்து, அடக்கி செல்களை ஈர்க்கிறது என்பதை 2012-ல் இரண்டு எலி ஆய்வுகள் காட்டின. செல்லை வளரச் சொல்லும் பிழையும் காவலைக் குலைக்கும் பிழையும் ஒன்றே.

அடக்குகிற செல்களை மட்டும் மருந்தால் ஒழித்தால் என்ன?

அதிலும் எளிய வெற்றி கிடைக்கவில்லை. எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை எலியின் கணையத்திலிருந்து நீக்கிப் பார்த்தபோது, வேறு அடக்கி செல்கள் அந்த இடத்துக்கு வந்து, நோய் முன்பைவிட வேகமாக முற்றியது. நாரைக் கரைத்தபோது நேர்ந்ததைப் போன்றதுதான் இதுவும்: ஒன்றை இழுத்தால் மற்றொன்று அந்த இடத்தை நிரப்புகிறது.

ஒரு டி செல் எப்படியோ உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பிறகாவது கொல்லுமா?

சில சமயம் கொல்லும். ஆனால் அங்கேயும் தடைகள் உண்டு. மூன்றாம் கேள்வியில் சொன்ன எம்எச்சி தாங்கியை நினைவுகொள்ளுங்கள். கணையப் புற்றுநோய் செல்கள் தமக்குள் இருக்கும் பகுதிகளைத் தாமே செரித்து ஊட்டம் பெறும் ஆட்டோஃபேஜி என்ற செயலை மிகுதியாக நடத்துகின்றன. அந்தச் செரிமானத்துக்குள் எம்எச்சி தாங்கிகளையும் இழுத்துப்போட்டுச் சிதைத்துவிடுகின்றன என்று 2020-ல் கண்டறியப்பட்டது. தாங்கி இல்லையென்றால் காட்டுவதற்கு எதுவும் இல்லை. டி செல் பக்கத்தில் நின்றாலும் எதிரியைப் பார்ப்பதில்லை.

இதற்கு மேல், பிராணவாயுக் குறைவும் அடினோசின், டிஜிஎஃப்-பீட்டா போன்ற பொருள்களும் டி செல்லின் வேகத்தைக் குறைக்கின்றன. நீண்ட நாள் தூண்டப்பட்டே இருக்கும் டி செல் களைத்து, பிடி-1 என்ற தடையைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு செயலிழக்கிறது.

டிவியில் சொல்லும் அந்த இம்யூனோதெரபி ஊசி, மற்ற புற்றுநோய்களுக்குக் கேட்கிறதே, இதற்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

நீங்கள் குறிப்பிடுவது, மேலே சொன்ன பிடி-1 போன்ற தடைகளை நீக்கும் மருந்துகள். இத்தகைய தடைகளை நீக்கிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் வழியைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மெலனோமாவிலும் நுரையீரல் புற்றுநோயிலும் பலரின் ஆயுளை நீட்டித்தவை அவை. ஆனால் பிடி-1-ஐ இயக்கும் பிடி-எல்1 என்ற புரதத்தின் தடையை நீக்கும் மருந்தைப் பல புற்றுநோய்களில் சோதித்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில், பங்கேற்ற 14 கணையப் புற்றுநோயாளிகளில் ஒருவருக்குக்கூடக் கட்டி குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கவில்லை.

இதுவரை படித்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். தடையை நீக்கும் மருந்து, ஏற்கெனவே எதிரியை அறிந்து உள்ளே வந்து களைத்துப்போன டி செல்லுக்குத்தான் உதவும். அடையாளத் துண்டுகள் குறைவு, டி செல்கள் வெளியே நிற்கின்றன, தாங்கியும் சிதைக்கப்படுகிறது என்ற நிலையில், ஒரு தடையை மட்டும் நீக்குவது போதவில்லை. மருந்து வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. அது செயல்படுவதற்கு வேண்டிய முன்னேற்பாடு இந்தக் கட்டியில் நடக்கவில்லை என்பதே பொருள்.

ஆனால் இதே நோய்க்கு ஒருவருக்கு அந்த ஊசி போட்டார்களாம். எங்களுக்கு ஏன் போடவில்லை?

சுமார் 1 சதவீதக் கணையப் புற்றுநோய்களில், மரபணு நகலெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் பொறியமைப்பு பழுதாகியிருக்கும். அறிக்கையில் இது 'எம்எஸ்ஐ-உயர்வு' அல்லது 'பொருத்தப் பிழை திருத்தக் குறைபாடு' என்று வரும். திருத்தம் இல்லாததால் பிழைகள் குவிந்து, டி செல் பார்ப்பதற்கு அடையாளங்கள் ஏராளமாகின்றன. உறுப்பு எதுவானாலும் இந்தக் குறைபாடு உள்ள திடக்கட்டிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 மே மாதத்தில் அனுமதித்தது. இந்த வகையிலும் எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. ஒரு சதவீதம்தானே என்று இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒருவராக இருந்தால் சிகிச்சையின் போக்கே மாறும். லிஞ்ச் என்ற பரம்பரைக் குறைபாடு வெளிப்பட்டால் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் முன்கூட்டியே சோதனை செய்ய முடியும்.

பல வருடம் உயிரோடு இருப்பவர்களும் இருக்கிறார்களே, அவர்கள் உடம்பில் மட்டும் என்ன வித்தியாசம்?

இதை நேரடியாக ஆராய்ந்த முக்கியமான ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீண்ட காலம் வாழ்ந்தவர்களின் கட்டிகளில் கொல்லும் வகை டி செல்கள் அதிகமாக இருந்தன. நியோஆன்டிஜென்களின் எண்ணிக்கை மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. அவற்றின் தரம், அதாவது டி செல் எளிதில் அந்நியமென்று உணரும் தன்மை, சேர்ந்தபோதே விளக்கியது. அத்தகைய டி செல்கள் சிலரின் இரத்தத்தில் ஆண்டுகள் கழித்தும் காணப்பட்டன. கணையப் புற்றுநோயை உடம்பு அடையாளம் காணவே முடியாது என்ற பழைய எண்ணத்தை இது மாற்றியது. அடுத்த கேள்வியில் வரும் தடுப்பூசி முயற்சிக்கு அடிப்படையும் இதுதான்.

எம்ஆர்என்ஏ தடுப்பூசி வந்துவிட்டது என்கிறார்கள். போட்டுக்கொண்டால் வராதா?

வழக்கமான தடுப்பூசி போல நோய் வருமுன் போடுவது அல்ல அது. கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்த பிறகு, அதே கட்டியின் பிழைகளைப் படித்து, அந்த ஒருவருக்கென்றே தயாரிப்பது. 2023-ல் வெளியான முதற்கட்டச் சோதனையில் 16 பேருக்கு, ஒவ்வொருவரின் கட்டியிலிருந்தும் அதிகபட்சம் 20 நியோஆன்டிஜென்களைக் குறிவைத்து இது தரப்பட்டது. கூடவே பிடி-எல்1 தடை நீக்கியும் கீமோதெரபியும் தரப்பட்டன. 8 பேருக்குப் புதிய டி செல்கள் உருவாயின. உருவாகாத 8 பேரில் நோய் திரும்பும் வரையான இடைநிலைக் காலம் 13.4 மாதங்கள், உருவானவர்களில் பாதிப் பேருக்குக்கூட அந்தக் கண்காணிப்புக் காலத்தில் நோய் திரும்பவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது அந்த 8 பேரில் 6 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

இந்த எண்களைப் பார்த்து மகிழ்ச்சியடையலாம்; ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இது ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய சோதனை. டி செல் உருவானவர்கள் இயல்பிலேயே வலுவானவர்களாக இருந்து, அதனால் நோய் திரும்பாமலும் இருந்திருக்கலாம். அதைப் பிரித்தறியத்தான் பெரிய சோதனை தேவைப்படுகிறது. மேலும், அறுவை சிகிச்சை செய்ய இயலும் நிலையில் கண்டுபிடிக்கப்படுபவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் கே-ராஸ் பழுது இருக்கிறது என்றால், அதையே எல்லோருக்கும் குறியாக வைக்கலாமே?

வைக்கிறார்கள், ஆனால் 'எல்லோருக்கும்' என்பதில்தான் சிக்கல். கே-ராஸ் பழுதிலேயே ஜி12டி, ஜி12வி, ஜி12ஆர் என்று வகைகள் உண்டு. அதோடு, அந்தப் பழுதின் துண்டு மேற்பரப்பில் வருமா என்பது ஒவ்வொருவரின் எச்எல்ஏ (மனிதரின் எம்எச்சி தாங்கிக்கு உள்ள பெயர்) வகையைப் பொறுத்தது. 2022-ல் ஒரு நோயாளியின் சொந்த டி செல்களை வெளியில் எடுத்து, ஜி12டி-யை அறியும் ஏற்பியைப் பொருத்தித் திரும்பச் செலுத்தியபோது, அவருடைய கட்டிகள் ஆறு மாதங்களில் 72 சதவீதம் சுருங்கியிருந்தன. அதே முறையில் முன்பு சிகிச்சை பெற்ற இன்னொருவருக்குப் பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழுதான கே-ராஸ் புரதத்தையே முடக்கும் மாத்திரைகளும் சோதனைகளில் இருக்கின்றன. எலிகளில் இத்தகைய மருந்து கொடுத்தபோது கட்டி சுருங்கியதோடு அடக்கி செல்கள் குறைந்து, டி செல்கள் உள்ளே வந்தன. டி செல்களை நீக்கிவிட்டால் மருந்தின் பலன் நீடிக்கவில்லை. ஆறாம் கேள்வியின் விடையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மூலிகை, மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?

அன்பினால் கேட்கப்படும் கேள்வி என்பதால் நேராகவே பதில் சொல்கிறேன்: வேண்டாம், குறைந்தபட்சம் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். இந்த நோயில் எதிர்ப்பு மண்டலம் அளவில் குறைந்துபோகவில்லை; தடம் மாற்றப்பட்டிருக்கிறது. பொதுவான தூண்டுதல் சரியான டி செல்லை மட்டும் தேர்ந்து எழுப்பாது. சில பொருள்கள் கீமோதெரபி மருந்துகளைக் கல்லீரல் கையாளும் முறையையும் மாற்றிவிடும்.

உண்மையில் உதவக்கூடியது எடை இழப்பைத் தடுப்பது. கணையத்தின் செரிமான நொதிகள் குறைவதால் உண்ட உணவு செரிக்காமல் வெளியேறுகிறது. மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நொதி மாத்திரைகளை உணவோடு சேர்த்து எடுத்தால் பலருக்கு நிலைமை மாறும். கீமோதெரபி காலத்தில் வெள்ளை அணுக்கள் குறையும்போது 38 டிகிரி செல்சியசைத் தாண்டும் காய்ச்சல் வந்தால், அது இரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிஏ 19-9 ஏறினால் உடம்பு தோற்கிறது என்று அர்த்தமா?

அப்படி நேரடியாகப் பொருள் கொள்ள முடியாது. அது எதிர்ப்பு மண்டலத்தை அளப்பது அல்ல; இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படும், செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு சர்க்கரை மூலக்கூறு. பித்தநாளம் அடைபட்டாலே அது ஏறும். 5 முதல் 10 சதவீதம் பேருக்கு மரபுரீதியாக அதைத் தயாரிக்கும் திறனே இல்லாததால், நோய் இருந்தும் ஏறாது.

முதலில் புற்றுநோய் என்று சந்தேகித்தார்கள். பிறகு எதிர்ப்பு மண்டலமே கணையத்தைத் தாக்குகிறது என்றார்கள். எது உண்மை?

இரண்டாவது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி என்ற நோயில் கணையம் வீங்கி, மஞ்சள்காமாலை வந்து, ஸ்கேனில் கட்டி போலவே தெரியும். அதன் ஒரு வகையில் இரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு பெரும்பாலும் உயர்ந்திருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வடியும். ஆனால் புற்றுநோயிலும் சிலருக்கு ஐஜிஜி4 ஓரளவு உயரும் என்பதால், திசுவைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்கக் கூடாது.

ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சைக்கு முயற்சி செய்யலாமா? என்ன கேட்க வேண்டும்?

முயற்சி செய்யலாம்; சீக்கிரமே கேட்பது நல்லது, ஏனென்றால் உடல் தளர்ந்த பிறகு பல சோதனைகளில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எம்எஸ்ஐ நிலை, கே-ராஸ் பழுதின் வகை, டிஎன்ஏ சிதைவைப் பழுதுபார்க்கும் பிஆர்சிஏ மரபணுக்களின் நிலை, தேவைப்பட்டால் எச்எல்ஏ வகை ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதோடு, பயாப்சித் திசு எவ்வளவு மீதமிருக்கிறது என்பதையும் கேளுங்கள். கணையத்திலிருந்து ஊசியால் எடுக்கும் துணுக்கு நூலிழை அளவே இருக்கும். அதை மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டித்தான் ஒவ்வொரு பரிசோதனையும் செய்கிறோம். ஒவ்வொரு சீவலுக்கும் அது தேய்கிறது. நோயைப் பெயரிடும் பரிசோதனைகளுக்கே திசு தீர்ந்துபோய், மரபணுப் பரிசோதனைக்கு ஒன்றும் மிஞ்சாத மெழுகுக் கட்டிகளைப் பார்த்திருக்கிறேன். என்னென்ன பரிசோதனைகள் தேவை என்பதை மருத்துவர் முதல் நாளிலேயே எழுதி அனுப்பினால், இருக்கும் திசுவை அதற்கேற்பப் பங்கிட்டு வெட்ட எங்களால் முடியும்.